உயிலோடு இணைத்த தாள்

அப்பா இறந்து இருநூற்று அறுபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. சின்னவளுக்கு நாள்களைவிட மணிகள்தான் மனதில் நிற்கும். எடுத்து வைத்த ரத்தம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நோயாளிகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். அப்பாவின் சுழல் நாற்காலியில் அண்ணன். பதினோரு நாளுக்குள் அதன் உயரத்தைக் கூட்டியிருந்தான். கால் தரையில் பாவவில்லை.

வக்கீல் உயிலைப் படித்தார். கட்டடம் மகனுக்கு. கூடமும் இயந்திரங்களும் பெயர்ப்பலகையும் மகனுக்கு. அம்மா விட்டுப்போன நகைகள் மருமகளுக்கு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"என் இளைய மகள் என் தொழிலையும் என் வார்த்தையையும் மதிக்காமல் வெளியேறியவள். அவளுக்கு என் சொத்தில் எதுவும் சேர வேண்டியதில்லை. மறதியால் விடுபட்டதாக யாரும் எண்ண வேண்டாம்."

கடைசி வரி வக்கீலுடையது இல்லை, அப்பாவேதான். கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு, கை தவறிப் பட்டதல்ல என்று ரசீதும் எழுதிக் கொடுக்கிற ஆள்.

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். மேஜை மேல் சலவை மடிப்புக் கலையாத ஒரு கைக்குட்டை இருந்தது. அது தனக்காகத்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அண்ணி எதையும் முன்கூட்டியே தயாராக வைத்திருப்பவள். சின்னவள் அழாததில் அண்ணிக்கு ஏமாற்றம்.

"அழணும்னா அழுதுடு பாப்பா. மனசுல வச்சுக்காத."

"இல்லண்ணி. காலையிலயே அழுதுட்டேன், பஸ்ல இடம் கிடைக்காம."

வக்கீல் சிரிக்கப் போய், அண்ணியைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அக்கம்பக்கம் முழுக்க அப்பாவை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. அவர் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர். கூப்பிட்டவர்களை ஒருநாளும் திருத்தியதில்லை. வெள்ளைக் கோட்டை மட்டும் விடாமல் கஞ்சி போட்டு உடுத்தினார். மூன்று வருடங்களுக்கு முன் சின்னவள் பட்டம் வாங்கிய கையோடு இங்கே வேலைக்கு வந்தாள். நான்காவது வாரம் ஒரு மதியம், பின்னறைக் குழாயடியில் அண்ணன் நின்றிருந்தான். தட்டு நிறையக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றாக மூடியைத் திருகி, உள்ளே இருந்த ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ பாட்டு வேறு. ஒன்றைக்கூட அவன் இயந்திரத்தில் வைக்கவில்லை. முடிவுகள் மட்டும் வயதுக்கும் முகத்துக்கும் தகுந்த மாதிரி அச்சாகி, வரிசையாக உறையில் கிடந்தன.

அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவருக்குத் தெரியாமல் நடக்கிறது என்று நினைத்த அளவுக்கு அப்போது அசடு.

"சந்தேகமா இருந்தா மெஷின்ல போடுவோம். நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு மெஷின் மருந்த வீணாக்கணும்? முப்பது வருஷமா முகத்தப் பார்த்தே சொல்றேன். நீ புத்தகத்தப் படிச்சுட்டு எங்கிட்ட வராத."

அன்று முதல் எந்த முடிவிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அப்பா வாசலைக் காட்டினார். இப்போது குடிநீர் சோதிக்கிற ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை. இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் வாசம். தண்ணீரின் முகத்தைப் பார்த்து முடிவு எழுதலாம் என்று இதுவரை அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் நாற்காலியை முன்னுக்கு நகர்த்தினான். அவனுக்குப் பேச்சு வரப் போகிறது என்றால் முதலில் சட்டைக் காலரைத் தொடுவான்.

"இங்க பாரு. அப்பா எழுதினது அப்பாவோட கோபம். நான் அப்படி இல்ல. மேல்மாடிய நான் உன் பேருக்கு எழுதித் தர்றேன். முழுசா."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? கூடப் பொறந்தவ இல்லையா?"

"மூணு வருஷமா அது ஞாபகம் வரலையே."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இவர் சுத்தி வளைப்பாரு. நான் சொல்றேன். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்த பெரியவர் நின்னுட்டாரு. படிச்சவங்க கையெழுத்து இல்லன்னா அடுத்த மாசம் இடத்தப் பூட்டிடுவாங்க. நீ தினமும் வர வேண்டாம். வாரத்துல ஒருநாள் வந்து வெறும் தாள்ல போட்டு வச்சுட்டுப் போனா போதும்."

இவ்வளவுதான். அடித்துத் துரத்தியவளின் கையை இப்போது கேட்கிறார்கள், அதுவும் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மேல்மாடியின் கிழக்கு ஜன்னல் நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஒரு கதவு. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த ஒரு நொடிக்காக, எதிரே இருந்தவர்களோடு தன்னையும் சேர்த்தே அவள் இகழ்ந்தாள்.

"யோசிச்சு சொல்லு," என்றான் அண்ணன், அவள் யோசிக்கிறாள் என்பதிலேயே குளிர்ந்துபோய். "ஆனா ஒண்ணு. கடைசி வரைக்கும் அப்பாவப் பார்த்துக்கிட்டது நான். நீ எங்க இருந்தே? உடம்புக்கு ஒண்ணுன்னா ஓடி வந்து ரத்தம் எடுத்து, பார்த்து, எல்லாமே நான்தான்."

வக்கீல் காகிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "ஆட்சேபணை இல்லன்னு கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்தும்மா. நல்லாப் பார்த்துட்டே போடுங்க. டாக்டர் ரொம்ப உஷாரு. பின்னால யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு, உயில் எழுதின வாரமே ரத்தம் சோதிச்சு, உடம்பு நல்லா இருக்குன்னு ரிப்போர்ட்டையும் சேர்த்துத் தச்சிருக்காரு."

"எங்க சோதிச்சாரு?"

"எங்கயா? இங்கதான். வேற இடத்த அவர் நம்புவாரா?"

அவள் பக்கங்களைப் புரட்டினாள். அது கடைசிக்கு முந்தைய தாள். ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. பதினெட்டு எண்கள், எல்லாம் அளவுக்குள். அப்பா இறந்த ஆஸ்பத்திரியில் டாக்டர், நிஜமாகவே டாக்டருக்குப் படித்த ஒரு பெண், இரண்டு சிறுநீரகங்களும் குறைந்தது இரண்டு வருடமாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கின்றன என்று சொன்னாள். முன்பே ஒரு சோதனை செய்திருந்தால் பிழைத்திருப்பாராம். அப்பா கடைசி வரை சோதனையே செய்துகொள்ளவில்லை என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். இவரோ சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார்.

எண்களைத் திரும்பவும் மேலிருந்து கீழே பார்த்தாள். மனதிலிருந்து எழுதும்போது கடைசி இலக்கம் பூஜ்யமாகவோ ஐந்தாகவோ வரக் கூடாது என்பது அப்பா அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். முழுசாக இருந்தால் பொய் என்று தெரிந்துவிடுமாம். ஆனால் இயந்திரத்துக்கு அந்த வெட்கம் கிடையாது. பதினெட்டில் இரண்டு மூன்றாவது பூஜ்யத்திலோ ஐந்திலோ வந்து விழும். இந்தத் தாளில் ஒன்றுகூட இல்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை வரி வரியாகப் படித்திருப்பார். தான் கற்றுக்கொடுத்த கைவேலை தன் கைக்கே வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நல்லா இருக்கு என்று எழுதியிருந்தது, நம்பிவிட்டார். வாசலில் காத்திருந்த அத்தனை பேரையும் போலவே.

"அண்ணா, இத ஒரு தடவை சத்தமாப் படி."

"என்னது? கையெழுத்துப் போடறதுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"அப்பாவப் பார்த்துக்கிட்டது நீதானே. படி."

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினான். கூடத்து வாசலில் நின்று பெயர் கூப்பிடும் அதே குரலில் ஆரம்பித்தான்.

"சர்க்கரை தொண்ணூத்தி நாலு. யூரியா இருபத்தேழு. சோடியம் நூத்தி முப்பத்தெட்டு. பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டு. கிரியேட்டினின்…"

சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் அந்த எண்ணை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் விரல் அதன் மேல் போய் அழுந்தி, அதை மறைத்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அண்ணி. "படிங்க. என்ன இப்போ?"

வக்கீல் பேனா மூடியைத் திறந்தபடி காத்திருந்தார். வெளியே யாரோ பூட்டிய ஷட்டரைத் தட்டி, இன்றைக்கு ரிசல்ட் கிடைக்குமா என்று கேட்டார்கள். சுழல் நாற்காலி தானாகக் கொஞ்சம் திரும்பி, அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனது. தரையை எட்டாத கால்களால் அவனால் அதை நிறுத்த முடியவில்லை.

"அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி," என்றான் அவன் சுவரிடம். "அப்பாவோடதும் அதே தட்டுலதான் இருந்துச்சு. ஊத்திட்டேன்."