இரண்டாவது சாவி செலீனிடம்

1

இந்தக் கதை ஒரு மரண அறிவித்தலில் பிறந்தது. மகளைப் பார்க்கக் கனடா போயிருந்த என் அண்ணன் வின்சன்ற் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அரைகுறையாகக் கேட்ட ஒரு தொலைபேசிச் செய்தியை நம்பி, எங்கள் மைத்துனர் யாரையும் கேளாமல் அவர் காலமானார் என்று வானொலியில் அறிவித்துவிட்டார். மறுநாள் வின்சன்றே எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

“அறிவித்தலில சமாதான நீதவான் எண்ட என்ர பட்டத்தை ஏனடா விட்டனீங்கள்?”

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். குடும்பப் பெயரில் வெளியே போகும் எதற்கும் இருவர் சம்மதம் வேண்டும்: நானும், வெள்ளவத்தையில் இருக்கும் தங்கை செலீனும். அணுவாயுத நாடுகள் சிலவற்றில் ஏவுகணையை ஏவவும் இருவர் சேர்ந்துதான் சாவி திருப்ப வேண்டுமாம். (அவர்கள் யாருடைய அறிவித்தலில் பாடம் படித்தார்களோ.)

2

அந்தச் சாவிகளை வைத்து நான் எழுதிய கதையின் முதல் தொடக்கம்: ‘நிலவறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தளபதியின் நெஞ்சு பட…’

வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கடமை நேரத்தில் யாருக்கும் நெஞ்சு படபடத்ததில்லை.

இரண்டாவது: நிலவறையில் இரு அதிகாரிகள். எதிரியின் ஏவுகணைகள் வருவதாகத் திரை காட்டுகிறது. ஏவும்படி கட்டளையும் வந்துவிட்டது. இரகசியக் குறியீடு சரி. அதோடு மேலிடத் தொடர்பு அறுந்துவிட்டது. தளபதி தன் சாவியைப் பிடித்தபடி, “செலீன், திருப்புங்கள்” என்கிறார்.

(பெயர் தேடச் சோம்பல்.)

3

கோயில் பெருவிழா மலருக்குக் கொடுக்குமுன், வீட்டுச் சட்டப்படி தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

“நான் திருப்ப மாட்டன், அண்ணா.”

“கட்டளை வந்திட்டுது. எங்கட குடும்பத்தில ஆரும் கட்டளையை மீறினதில்ல.”

“திரை பிழையா இருந்தா? ஃபோனில கேட்டதை நம்பிப் பெரியண்ணாவைச் சாகடிச்ச ஆக்கள்தானே நாங்கள்.”

“சரி, பேரை மாத்திறன். டில்ஷானி.”

“ஆர் திருப்பினாலும் நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன். அங்கால, அது விழுற இடத்தில, ஒரு ஊர் சனம் இருக்கு.”

“அது கதைச் சனம்.”

“உங்கட தளபதியும் கதைத் தளபதிதானே. அவருக்கு ஏன் இவ்வளவு வீம்பு?”

4

முடிவு அ: அவள் திருப்புகிறாள். செலீன் சம்மதிக்கவில்லை.

முடிவு ஆ: அவள் சாவியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். நான் சம்மதிக்கவில்லை. கட்டளை மீறிய ஒருத்தி எங்கள் பெயரில் அச்சேறுவதா?

முடிவு இ: கடைசி நொடியில் கட்டளை இரத்தாகிறது. இப்படி நழுவுவது எங்கள் இருவருக்கும் வெட்கக்கேடு.

எழுதுபவன் நான், தனியாகவே முடித்திருக்கலாம். ஆனால் மைத்துனர் செய்ததும் அதைத்தானே.

ஆகவே கதை அங்கேயே நிற்கிறது. தளபதியின் கை சாவியில், அவள் கைகள் மடியில். நாங்கள் ஒத்துப்போகாததால், ஏவுகணை விழாத ஏதோவொரு தூர நகரத்தில் சனங்கள் இப்போதும் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். முடிவில்லாமலே அச்சிட மட்டும் செலீன் ஓம் என்றாள், நானும்.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள், வாசகரே. தனியாக வர வேண்டாம். உங்களோடு ஒன்றிலும் ஒத்துப்போகாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.