ஒன்றுமே கேட்காத சி.டி.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டம்காரர். சரக்கு அனுப்பும் கம்பெனி, ஊருக்கு ஊர் கிளை, கிளைக்குக் கிளை தூசி தின்று உயிர் வாழும் கம்ப்யூட்டர்கள். அவற்றில் எது படுத்தாலும் இவருடைய போன்தான் அடிக்கும். படுத்ததை எழுப்ப இவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றுவது. ஏற்றும்போது அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். எந்த மொழி, மணி என்ன, உங்கள் பெயர் என்ன, இந்த டிஸ்க்கை அழிக்கட்டுமா? வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்கூட இவ்வளவு குடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் கிளையில் இருக்கும் கிளார்க் இவருக்கு ஒரு போன் போடுவார்.

"சார், ஏதாவது ஒரு கீயை அமுக்குங்குது."

"அமுக்குங்க."

"போன தடவ எதையும் தொடாதீங்கன்னு நீங்கதானே சார் கத்துனீங்க?"

"அது அப்போ. இப்போ தொடுங்க."

"தொடுறேன். அப்புறம் ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது, ஆமா."

அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்தார், இனி யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று. அசல் சி.டி.யில் இருந்ததை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். சீட்டாட்டத்தைத் தூக்கினார். கம்பெனியின் பில் போடும் மென்பொருளைச் சேர்த்தார். கிளைகளில் இருக்கும் பிரிண்டருக்கு வேண்டியதைச் செருகினார். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஒரு கோப்பில் எழுதி உள்ளே வைத்தார். அழிக்கட்டுமா என்பதற்கு, அழி. சரியா என்பதற்கு, சரி. பெயர் என்ன என்ற இடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. சோதனைக்குத்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று 'ரேடியோ' என்று அடித்தார். கடைசியாக, 'ஏதாவது ஒரு கீயை அமுக்கு' என்று கேட்கும் அந்தச் சின்னக் கோப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் புதுச் சி.டி.யில் இரண்டு பிரதி எழுதினார். இனி சி.டி. உள்ளே இருந்து மெஷினைப் போட்டால் போதும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ரேடியோ அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. வேலை தேட வந்தவன் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். வானொலியில் செய்தி வாசிக்க வேண்டும் என்று ஆசை. குரலைப் பழக்குகிறேன் என்று மைக்கை வாய்க்கருகே வைத்துக்கொண்டு தினமும் கம்ப்யூட்டரில் பதிவு செய்வான்.

"வணக்கம். வீட்டுச் செய்திகள், வாசிப்பது ரேடியோ. மூக்குக் கண்ணாடியைத் தேடி மாமா இன்று காலை வீடு முழுவதும் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருந்ததாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. இதுகுறித்துக் கருத்துக் கூற அக்கா மறுத்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்ததே காரணம்."

போன வருடம் மழையில் ஒரு லாரி அவனைத் தட்டிவிட்டுப் போனது; அவன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பும் முன், அவன் அக்கா ஒரு செய்தி போட்டுக் கேட்பாள். ஒன்றே ஒன்றுதான். இரண்டு கேட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயந்தவள்போல.

அந்தப் பதிவுகளுக்கு வேறு நகல் கிடையாது. 'பேக்கப் எடுத்தீங்களா?' என்று கிளை கிளையாகப் போய் ஆட்களை மிரட்டுகிற மனிதரின் வீட்டில்தான் இந்த லட்சணம். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எடுக்க வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்தார். எடுப்பதென்றால் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்குமே. அந்தக் குரலைக் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. காலையில் மனைவி செய்தி போடும் நேரத்துக்குச் சரியாக அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார்.

மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்பே, சி.டி.யின் ஒரு பிரதியோடு அவர் அலுவலகம் போனார். கிடங்கில் ஓரங்கட்டிக் கிடந்த மெஷினில் போட்டார். கம்மென்று ஓடியது. ஒரு கேள்வி இல்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, கம்ப்யூட்டர் நீலமா என்னமோ காட்டுதுங்க."

"என்னவாம்?"

"தெரியல. ஏதோ கோடு மாதிரி நிரம்பிக்கிட்டே போகுது. நான் ஏதாவது அமுக்கணுமா? ஒன்னும் கேக்க மாட்டேங்குதே."

"கேக்காது," என்றார் பெருமையாக. "அதுதானே அதோட..."

வாய் பாதியில் நின்றது. நேற்று கடைசியாக எழுதி முடித்த சி.டி.யை வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அவர் வெளியே எடுக்கவில்லை.

"பிளக்கைப் புடுங்கு!"

"எதுக்குங்க?"

"கேள்வி கேக்காத! புடுங்குன்னா புடுங்கு!"

"எந்தப் பிளக்கு? இங்க நாலு இருக்கு. கத்தாதீங்க."

அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முதலில் மேசை விளக்கு, பிறகு ஸ்பீக்கர், பிறகு திரை. திரை இருண்டதும் எல்லாம் நின்றுவிட்டது என்று நம்பினாள். மேசைக்கு அடியில் பெட்டி தன் வேலையை நிதானமாகச் செய்துகொண்டிருந்தது.

அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் திரையைத் திரும்பப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை. கம்பெனியின் லாரிப் படம் திரை முழுக்க நின்றது. பில் மென்பொருள் இருந்தது. பிரிண்டர் தயார் என்று ஒரு அறிவிப்பு. அந்த வீட்டில் பிரிண்டரே கிடையாது. மூலையில் பெரிய எழுத்தில்: ரேடியோ.

"அவன் பேரு வந்துச்சுங்க," என்றாள். "வந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகூட இருந்துச்சு. உள்ள தேடிப் பார்த்தேன். ஒன்னையும் காணோம்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"காலையில கரண்டு போய்ப் போய் வந்துச்சு. அதனாலயா?"

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வா என்று கூப்பிடுவதுபோல இருந்தது அந்தக் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் நம்புவாள். டிஸ்க் போயிடுச்சு, மெஷினுக்கு வயசாயிடுச்சு என்று எத்தனையோ கிளைகளில் சொல்லித் தப்பித்த வாய்தான் அது.

"இல்ல," என்றார். "நான் போட்ட சி.டி. உள்ளயே இருந்துச்சு. எடுக்க மறந்துட்டேன்."

"அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்காதா அது?"

"கேக்கும். நான்தான் கேக்க வேணாம்னு எழுதி வெச்சேன்."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். எப்போ வருவீங்க, இன்னும் கொஞ்சம் போடவா, சட்டைய ஏன் இப்படிக் கசக்கி வெச்சிருக்கீங்க, ஒன்றும் இல்லை. தட்டில் சாப்பாடு இருக்கும். சட்டை மடித்திருக்கும். விளக்கு அணையும். அவர் தயாரித்ததிலேயே பிசகில்லாமல் ஓடியது இதுதான்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை அதன்மேல் ஏவிவிட்டார். மாலை மாலையாக அது துழாவியது. கிடைத்ததெல்லாம் பெயரில்லாத துண்டுகள். திறந்தால் சில ஊமையாக இருக்கும், சில கரகரவென்று இரையும். இந்த முறை குழாயைத் திறந்துவிட முடியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் அவரே கேட்டாக வேண்டும். கேட்டார்.

ஞாயிறு காலை ஒன்று பேசியது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவளைக் கூப்பிடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

செய்தி இல்லை. மைக்கை நிறுத்த மறந்திருக்கிறான். நாற்காலி நகரும் சத்தம், ஒரு இருமல், தூரத்திலிருந்து அவன் குரல்.

"அக்கா, என் நீலச் சட்டைய எங்க வெச்ச?"

அதோடு வெட்டுப்பட்டது.

"கொடியிலதான்டா காயுது," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. கையில் இருந்த துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கேட்ட கேள்வி. அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. துழாவல் முடிந்துவிட்டது என்று திரையில் எழுதியே இருந்தது.

"இல்லம்மா. இது ஒன்னுதான்."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல அதுக்கு ஒரு நகல் எடுங்க," என்றாள். "எடுத்துட்டு மறுபடி போடுங்க."