அப்பன் பார்க்கக் கூடாத ஆட்டம்

இத்தாலியில் எங்கள் ஊர் டோரே சலினாவில் என்னைக் கண்டால் ஆண்கள் இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள். ராசி கெட்டவன் எதிரே வந்தால் அப்படிச் செய்வதுதான் வழக்கம். இதில் வேடிக்கை, ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பதே நான்தான். ஆணி வாங்க வருகிறவன் காசைக் கொடுத்துவிட்டு அந்த ஆணியையே தொட்டுக்கொண்டு போவான்.

எல்லாம் என் மகன் சவேரியோவின் பந்தாட்டத்தால் வந்தது. பள்ளிக்கூட வயதில் அவன் ஆடுவதைப் பார்க்கப் போனேன். அவன் தோள் எலும்பு முறிந்தது. இன்னொரு முறை போனேன். அவன் குழு ஏழு கோல் வாங்கித் தோற்றது. அதற்கப்புறம் மைதான வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வளர்ந்து ஊர்க் குழுவில் தடுப்பாட்டக்காரன் ஆனான். அந்தக் குழுவில் அவன் ஆடி ஒரு ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்க முடியவில்லையே என்று வயிறு எரியும். ஆனால் ஊர் நம்பியதைவிட நான் அதை அதிகமாக நம்பினேன்.

எண்பதுகளில், அவனுக்கு முப்பது வயதான சமயம், எங்கள் குழு எப்படியோ இத்தாலியக் கோப்பையை ஜெயித்துவிட்டது. அதனால் ஐரோப்பாவின் கோப்பை வென்ற குழுக்களுக்கான போட்டியில் இடம் கிடைத்து, அரையிறுதிவரை வந்தும்விட்டார்கள். சொந்த மைதானத்தில் போலந்துக்காரர்களை ஒரு கோலில் வென்றோம். அன்று நான் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு துருப்பிடித்த பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டம் போலந்தில்; இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி. தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள். சவேரியோவின் முழங்கால் இன்னொரு வருஷம் தாங்காது என்று எனக்குத் தெரியும். இதையாவது பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் மனைவி அடோலராத்தா டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எங்க உக்காரப் போறீங்க?”

“இங்கதான். என் வீடு, என் டிவி.”

“புள்ள அங்க குளிர்ல ஓடப்போறான். நீங்க இங்க இருந்துக்கிட்டே அவன் கால உடைக்கணுமா? எந்திரிங்க, எந்திரிங்க.”

கோட்டு என் தோளில் வந்து விழுந்தது. நேராக வீத்தோவின் மதுக்கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

“அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு. காபி வேணும்னா ஜன்னல் வழியா தர்றேன். உள்ள மட்டும் வராதீங்க.”

ஜன்னலில் கையை நீட்டி காபியை வாங்கினேன். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரே கூச்சல். போலந்துக்காரன் கோல் போட்டுவிட்டான்.

“காபி வாங்கினதுக்கே ஒண்ணு போச்சு! கால்ல வேணா விழுறேன், போங்கண்ணே!”

போனேன். எங்கே போவது? கடற்கரைத் தெருவில் இரண்டு முறை நடந்தேன். வீட்டுக்கு வீடு ஜன்னலில் டிவி வெளிச்சம். எட்டிப் பார்த்தால் திரையை இழுத்து மூடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பெற்றவன் நான், பார்க்கிறவன் ஊரானா? ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி மலை மேலே இருக்கும் மொண்டேஃபாலோவுக்கு விட்டேன். நாங்கள் தோற்றால் அங்கே மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், அப்படிப்பட்ட பகை.

அந்த ஊர் மதுக்கடைக்காரன் நுன்சியோவுக்கு என்னைத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, சவேரியோவோட அப்பாவா! வாங்க வாங்க! டேய், எந்திரிடா, பெரியவருக்கு முன்னாடி நாற்காலி போடு! நல்லா கண்ண விரிச்சுப் பாருங்கய்யா. வைன் நம்ம செலவு.”

வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. கோல் கணக்கு சமமாகிவிட்டதால் கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். சவேரியோ அவன் அம்மாவைப் போலவே சற்றுச் சாய்ந்து நடக்கிறான். மூக்கை முழங்கையில் துடைத்துக்கொள்கிறான். சின்னப் பையனாக இருந்தபோது அதற்காக அவனை அடித்திருக்கிறேன். ஒரு போலந்துக்காரனிடமிருந்து பந்தைச் சுத்தமாகப் பறித்தான். இவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! சந்தோஷத்தில் வைனைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போட்டார்கள். போலந்தின் கடைசி உதையை எங்கள் கோல்கீப்பர் தடுத்துவிட்டான். எங்களுக்கு ஒன்று பாக்கி. போட்டால் இறுதியாட்டம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தது சவேரியோ.

நான் எழுந்தேன்.

“எங்க போறீங்க? உக்காருங்க, இப்பதான் நீங்க பாக்கணும்!” இரண்டு பேர் என் தோளை அழுத்தினார்கள். உதறிக்கொண்டு வெளியே ஓடினேன். கோயில் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்ப் பார் என்று மனசு பிடுங்கியது. ஒரு கால் திரும்பவும் செய்தது. சுவரைவிட்டு நகரவில்லை.

கடைக்குள் சத்தமே இல்லை. எங்கள் ஊரில் இப்படி அடங்கிப் போனால் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம். இது மொண்டேஃபாலோ. புரிந்ததும் அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நுன்சியோ வாசலுக்கு வந்தான். மரியாதை எல்லாம் போயிருந்தது. “யோவ், கெடுத்தியேய்யா! இன்னும் ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா செத்தா போயிருவ?”

வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். சவேரியோதான், பின்னால் ஒரே பாட்டும் கும்மாளமும்.

“அப்பா, பாத்தியா?”

“பாத்தேன்டா.”

“நெஜமாவா? ஊர்ல உன்ன விட்டாங்களா?”

“எவன் விடணும்? பாத்தேன்.”

“கடைசி உதைக்கு யார் போறீங்கன்னு கேட்டப்ப எவனும் வாயத் தெறக்கல. இன்னிக்காவது அப்பா டிவியில பாத்துக்கிட்டிருப்பாரு, அவர் கண்ணு முன்னாடி ஒண்ணு போட்டுரணும்னு நான் கையத் தூக்கினேன்.” சிரித்தான். “எந்தப் பக்கம் போட்டேன், சொல்லு பாப்போம்?”

ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு அடோலராத்தாவைப் பார்த்தேன்.

“எனக்கென்ன தெரியும்?” என்று கிசுகிசுத்தாள். “நான் தலையணையில மொகத்தப் பொதச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

“இடது பக்கம்,” என்றேன்.



“நடுவுல போட்டேன்பா,” என்றான். “சரி, அம்மாகிட்ட குடு.”