லாபம், ரெண்டு, மூணு, ஏழு, பத்து

லாபம்

இந்தக் கதை திருட்டுக் கதை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஜெயங்கொண்டத்திலிருந்து மீன்சுருட்டி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்: "அய்யா, லாபம்னே ஆரம்பிச்சுக்கங்க, பரவால்ல. ஆனா மூணுக்கப்புறம் நாலுதான் வரணும்." பிசியோதெரபிஸ்டாம். மேற்கொண்டு கேட்பதற்குள் இறங்கிவிட்டாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஆரம்பம் மூன்று எழுதினேன்.

'புஷ்பவல்லியின் எலும்புகள் உளுத்த மூங்கிலாய்...' (அடித்துவிட்டேன். அறுபத்தொரு வயதுப் பெண்ணை முதல் வரியிலேயே மூங்கிலாக்குவது அநியாயம்.)

'ஜன்னல் வழியே தன் முந்திரிக்கொல்லையை ஏக்கத்தோடு...' (கொல்லை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. எப்படித் தெரியும்?)

மூன்றாவது, நேராகவே: குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து புஷ்பவல்லியின் மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்தபோது டாக்டர் எலும்புப்புரை என்றார். அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து லேசாகிவிட்டது. மாத்திரை எழுதினார், பிசியோவும் எழுதினார்.

புருஷன் ராஜதுரையின் காதில் விழுந்தது 'எலும்பு உடையும்' என்பது மட்டும்தான். குடத்தை ஒளித்தார், துடைப்பத்தைப் பரண்மேல் போட்டார், பெண்டாட்டியைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார். அதோடு விட்டாரா? பங்குனியில் கொட்டை விழத் தொடங்குமுன் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும்படி நடராசனிடம் பேசியும் வந்துவிட்டார். அது புஷ்பவல்லிக்குத் தாய்வீட்டுச் சீதனம். ஒவ்வொரு மரமும் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். கை முறிந்தபோது அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

3

வாராவாரம் வீடு தேடி வந்தாள் பிசியோ வெற்றிச்செல்வி.

"முதுக வளைச்சு மட்டும் குனியாதீங்கம்மா. கொட்டை பொறுக்கணும்னா முதுகு நேரா இருக்க, முட்டிய மடக்கித் தாழ்ந்து எடுக்கணும். செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் குதிகால தூக்கி எறக்குங்க. அப்பறம் கைய ஊணாம சேர்லேர்ந்து எந்திரிங்க, பத்து தடவ."

"ஒடஞ்சிடாதா?" என்றார் ராஜதுரை.

"சும்மா ஒக்கார வச்சாதான் அய்யா இன்னும் மோசமாவும். பாரம் தாங்குனாதான் எலும்புக்குப் பலம். காலு நிலையா நின்னா மறுபடி விழவும் மாட்டாங்க."

எண்ணும் வேலை ராஜதுரைக்கு. ஆயுசு முழுக்கக் களத்தில் நெல் அளந்தவர். முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லித்தான் பழக்கம், 'ஒன்று' என்று சொல்ல நாக்கு வராது.

"லாபம். ரெண்டு. மூணு."

மூன்றில் அவள் நெற்றி வேர்த்தது. இவருக்கு மனசு தாங்கவில்லை.

"ஏழு. பத்து. போதும், ஒக்காரு புஷ்பா."

களத்தில் ஒரு மரக்கால் பிசகாதவர், வீட்டில் பத்துக்கு ஐந்துதான் அளந்தார். மூச்சு வாங்கியதில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று வாரமாகியும் காலில் தெம்பு ஏறவில்லை. "என் ஒடம்புதான் ஒதவாக்கரை போலருக்கு" என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒருநாள் வெற்றிச்செல்வி தானே எண்ணிப் பார்த்தாள். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் புஷ்பவல்லி எழுந்தாள், ஆறாவதுக்கு எழ முடியவில்லை. குட்டு உடைந்தது. ராஜதுரைக்குப் போனிலும் அதட்டல் கிடைத்தது. அதற்குப் பிறகு புஷ்பவல்லி தானே எண்ணிக்கொண்டாள். ஆறு வாரத்தில் எட்டு வந்தது. எட்டைத் தாண்டவில்லை.

7

நாலு, ஐந்து, ஆறு எங்கே என்று தேடாதீர்கள். எழுதினேன். நாலில் அவள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். ஐந்தில் நடராசன் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். ஆறில் அவள் சேரிலேயே...

கிழித்துப் போட்டேன். பாவமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, ராஜதுரை செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான். பாவம் பார்த்தே ஒரு பெண்ணைக் கதை முழுக்க உட்காரவைத்துவிடுகிறோம்.

(இதைப் படித்தால் வெற்றிச்செல்வி சொல்லுவாள்: "தத்துவம் இருக்கட்டுங்க. மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு எழுதுனீங்களா?" எழுதிவிட்டேன்.)

10

வெள்ளிக்கிழமை காலை. குத்தகையை உறுதிசெய்ய வெற்றிலைத் தட்டோடு நடராசன் வந்துவிட்டார்.

"ஏங்க," என்றாள் புஷ்பவல்லி, "இன்னிக்கு நீங்க எண்ணுங்க. அவரும் பாக்கட்டும். பத்து வந்தா கொல்லை எங்கிட்ட. வரலன்னா நானே தட்ட வாங்கிக்கிறேன்."

(முடிவு ஒன்று: பத்தும் முடித்துக் கொல்லைக்கு ஓடுகிறாள். கூடாது, ஓடினால் வெற்றிச்செல்வியிடம் திட்டு விழும். முடிவு இரண்டு: நடராசன் மனமிரங்குகிறார். அந்தக் காய்ப்பைப் பார்த்தவர் எவரும் இரங்க மாட்டார்.)

கைகளை மார்பில் குறுக்கே கட்டினாள்.

"லாபம். ரெண்டு. மூணு." ராஜதுரை அவள் நெற்றியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். "...நாலு."

அந்த எண்ணை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை என்று அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஐந்து. ஆறு. ஏழில் தொடை நடுங்கியது. நடராசன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எட்டு.

சேரின் நுனிக்கு வந்து பாதங்களை அழுத்தி ஊன்றுகிறாள். ராஜதுரையின் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. என்னை எண்ணச் சொல்லாதீர்கள், என் நாக்கு நுனியில் 'பத்து' வந்து நிற்கிறது. உங்களுக்கு அவள்மேல் அவ்வளவு பாவம் இருக்காது என்று நம்பி ஒப்படைக்கிறேன். சேரைவிட்டு இதோ கிளம்பிவிட்டாள். எண்ணுங்கள்.