வாய் சுடுது

பலகை இடுக்கில் சிறுவிரலை நுழைத்து, வெளியே மழை பெய்கிறதா என்று அந்தச் சிறுமி தொட்டுப் பார்க்கிறாள், மாடுகளை ஏற்றும் ரயில்பெட்டிக்குள் நெருக்கியடித்த சனத்துக்கு நடுவே நிற்கிறாள், மழை இல்லை, திரும்பி அக்காவிடம் ஒரு சொல் சொல்கிறாள், அந்த ஒரு சொல்லில்தான் புவனேந்திரன் சில ஞாயிற்றுக்கிழமைகளாகத் தடுக்கி நின்றார். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பிய அக்கா முதுமையில் ஜெர்மன் மொழியில் எழுதிய கவிதை அது, முகாமைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, தங்கைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிரேமன் நகரத்துத் தமிழர் சிலர் நடத்தும் சிற்றிதழுக்காக அதைத் தமிழாக்க ஒப்புக்கொண்டவர், தாகம் என்று எழுதி அடித்தார், விடாய் என்று எழுதினார், அது வெயிலில் வந்து மோர் கேட்கிற பெரியவர்களின் சொல், சின்ன வாய்க்குள் அடங்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது, தன் மகள் ஆரணியை அவர் ஊரில் விட்டுவந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள், பிறகெல்லாம் தொலைபேசியில் வரும் குரல்தான் மகள், அப்பா எப்ப வருவீங்கள், பிறகு போர் இறுகி வன்னிக்குத் தொலைபேசி எடுபடாமல் போகிறது, பிறகு வவுனியா அகதி முகாமிலிருந்து மனைவி லோஜினியின் குரல் மட்டும் வருகிறது, பிள்ளை இல்லையப்பா, அதற்குமேல் அவர் கேட்கவில்லை, அவள் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பின்னும் கேட்கவில்லை, கேட்டால் உடைந்துபோவாள் என்று அவர் நினைத்தார், இவருக்கு அறிய விருப்பமில்லை என்று அவள் நினைத்திருக்கக்கூடும், இருவரும் வேலைக்குப் போனார்கள், பனியில் நடந்தார்கள், புட்டு அவித்தார்கள், அந்தப் பெயர் மட்டும் வீட்டில் எழவில்லை.

அன்று மத்தியானம் லோஜினி எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள், அவர் தன்னை மறந்து கவிதையைச் சத்தமாக வாசித்தார், பலகை, விரல், மழை, அக்கா, எனக்கு விடாய்க்குது, முறிக்கிற சத்தம் நின்றது. சின்னப்பிள்ளை அப்பிடிச் சொல்லாது, என்றாள் லோஜினி, வாய் சுடுது எண்டுதான் சொல்லும், பங்கர்க் குழிக்குள்ள அவள் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவள்.

அவர் பேனாவை மூடினார், யாரோ ஓர் அக்கா தன் தங்கையின் கையைப் பிடித்தபடி இத்தனை வருடம் சாத்தியிருந்த கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றதுபோலிருந்தது. வேற என்ன சொன்னவள், சொல்லும், என்று கேட்டார்.

ஆரணிக்கு, என்று தொடங்கி, பெயரை நாவிலேயே வைத்துக்கொண்டு சற்று இருந்தாள் லோஜினி. ஆரணிக்கு முன்பல்லு ஒண்டு ஆடினது, உங்களுக்குத் தெரியாதெல்லே, செல் விழுந்து வெடிக்கிற சத்தத்துக்கு அழாதவள் பல்லு விழுந்ததுக்கு அழுதவள், கூரையில எறியம்மா, அணில் புதுப்பல்லுத் தரும் எண்டவள், குழிக்கு மேல விரிச்ச தறப்பாள்தானே, கூரைக்கு எங்க போறது, வீட்ட போய் எறிவம் எண்டன், ஓமெண்டு கைக்குள்ள பொத்தி வைச்சிருந்தவள், பிறகும் அந்தக் கையை நான் விரிச்சுப் பாக்கேல்லை.

பயற்றங்காய் அப்படியே கிடந்தது, பொழுதுபடும்வரை ஆரணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் கோழிகளுக்குப் பெயர் வைத்ததை, அப்பாவின் படத்துக்குச் சோறு ஊட்டியதை, இடையில் ஒருமுறை லோஜினி சிரிக்கவும் செய்தாள். விளக்கைப் போட எழுந்தவளிடம், அந்தச் சொல்லைக் கவிதையில் போடட்டோ என்று தயங்கிக் கேட்டார். போடுங்கோ, என்றாள் அவள், அந்த அக்காவும் தங்கச்சியின்ர வாயால அதைத்தானே கேட்டிருப்பா.