மத்தியான நித்திரை

அகஸ்ரினின் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போவதாக இல்லை. அற்புதமலர் பழைய பல் பிரஷ் ஒன்றை எலுமிச்சம்புளியில் தோய்த்துத் தோய்த்து, புருசனின் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிணவறைக்குள் ஆனி மாதத்து வெயில் எட்டிப் பார்க்கவில்லை. குளிரில் அவள் கைதான் விறைத்தது.

"போதும் பிள்ளை, விடு. பெட்டி மூட வந்திட்டாங்கள்," என்றான் அவளுடைய தமையன் யாக்கோபு.

"கறுப்புக் கையோடை அவரை அனுப்பேலாது அண்ணை."

வலது பெருவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரம் மடியாமல், சுருக்கமில்லாமல், அகஸ்ரினின் கைவேலைதான். சாகப்போகிற மனுசன் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டுவானா? ஒட்டமாட்டான் என்றது ஒரு மனம். பழக்கதோசத்தில் ஒட்டியிருப்பான் என்றது மற்றது. அவன் செத்த நேரத்திலிருந்து இந்த இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானம், பிரான்காச்சோவில் சாரோ என்ற இத்தாலிய மெக்கானிக்கின் கராஜுக்குள், அகஸ்ரின் தன் பழைய வானின் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். கராஜின் இரும்பு ஷட்டர் நிலம்வரை இறங்கியிருந்தது. சாரோ வீட்டில் சாப்பிட்டுப் படுத்தெழும்பி வந்து ஷட்டரைத் தூக்க, முதலில் புகைதான் வெளியே வந்தது. பொலிஸ் வந்து பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

ஷட்டரை இறக்கியது யார் என்று அவளுக்கு முன்னால் ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்காததுதான் அவளுக்குச் சந்தேகம். ஷட்டரின் சுருள்கம்பி உடைந்து அது தானாக விழுந்துவிட்டது என்று சாரோ பொலிசுக்கும் பாதருக்கும் சொன்னானாம். அவளிடம் யாக்கோபு அதை ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னான். உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை அவள் சோறு கட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறாள். அன்று அந்த ஷட்டரை இறக்க அகஸ்ரின் இரண்டு கையாலும் அதில் தொங்கினதைக் கண்ணால் கண்டவள். தொங்கினாலும் வராத சாமான் தானாக விழுந்ததாம்.

அவனே இறக்கியிருப்பானோ என்ற அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருச யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில், கிளிநொச்சி போகிற வழியில், அகஸ்ரினின் தாய் மரத்தடியில் செத்துப்போனா. வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்ததால் அவனால் எங்கும் அசைய முடியவில்லை. அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். காலையில் வியா மக்வேதாத் தெருவில் கடை கழுவினான், இரவில் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான், வீட்டில் வாயே திறக்கவில்லை.

பிறகுதான் அந்த வான் வந்தது. வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்ற கிழவன் ஒருவன், தன் தகப்பன் காலத்து அல்பா ரோமியோ வானைக் கொண்டுபோய்த் தொலை என்று கொடுத்தான். சாரோவின் வளவில் மோதி நசுங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கிடந்தது. அதுவும் அதே கொம்பனி. அதன் எஞ்சினைக் கழற்றி வானுக்குள் இறக்கப்போவதாக அகஸ்ரின் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"மீன் வானுக்கு ஏனப்பா ரேஸ் கார் எஞ்சின்?"

"பொருந்தும்."

"பொருந்துமோ எண்டு ஆர் கேட்டது? ஏன் எண்டெல்லோ கேட்டனான்."

"பொருந்தும் எண்டதாலைதான்," என்று சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதற்காகவே அவள் அந்த வானைப் பொறுத்துக்கொண்டாள். காலை வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில், ஊரெல்லாம் படுத்திருக்கிற மத்தியான நேரம் முழுவதையும் அவன் அந்த வானுக்கே கொடுத்தான். உயிரோடு இருக்கத்தான் அங்கே போகிறான் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைக்குள்தான் இப்போது பூச்சி விழுந்திருந்தது.

கோவிலில் அவள் திரும்பிப் பார்த்த பக்கமெல்லாம் கதை நின்றது. திரும்பவும் முன்னால் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் மெல்லத் தொடங்கியது. ஊருக்கு அனுப்ப வீடியோ எடுக்கிற பெடியனிடம் யாக்கோபு போய்க் காதுக்குள் ஏதோ சொன்னான். பாதர் பிரசங்கத்தில், ஆண்டவர் எல்லாவற்றையும் மன்னிப்பார், மனித மனத்தின் சோர்வையும் மன்னிப்பார் என்றார். அற்புதமலர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். விபத்தில் செத்தவனுக்கு என்னத்துக்கு மன்னிப்பு? பாதர் பூசைப் புத்தகத்தில் ஒற்றையைப் புரட்டினார்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்ததும் சாரோ வந்து அவள் கையைப் பிடித்தான். கண்ணீர் விட்டான். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"சாரோ, என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றாள் இத்தாலியனில்.

"இண்டைக்கோ, சிஞ்ஞோரா?"

"இப்ப."

யாக்கோபு குறுக்கே வந்தான். "உனக்கென்ன விசரே? அடக்கம் முடிஞ்ச கையோடை வீட்டை போகாமல் கராஜுக்குப் போறதே? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் இப்பவும் கதைச்சுக்கொண்டுதான் நிக்குது அண்ணை. என்ன கதைக்குதெண்டு எனக்குத்தான் தெரியேல்லை."

சாரோவின் காரில் மூவரும் போனார்கள். பிரான்காச்சோவில் இறங்கியபோது தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மாடிக் கட்டடங்களில் யன்னல் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன. யாரோ கத்தரிக்காய் பொரித்த மணம் மட்டும் விழித்திருந்தது. சாரோ ஷட்டரைத் தூக்கினான்.

அற்புதமலர் உள்ளே போகவில்லை. கறுப்புச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எட்டி ஷட்டரின் பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அகஸ்ரின் செய்தது போல முழுப்பாரத்தையும் கொடுத்துத் தொங்கினாள். கிறீச்சிட்டுக்கொண்டு பாதிவரை வந்தது. கையை விட்டாள். அது அசையாமல் அங்கேயே நின்றது.

"சாரோ, இது விழேல்லையே."

"நான் திருத்திப்போட்டன், சிஞ்ஞோரா."

"எப்ப?"

சாரோ ஒரு பழைய ரயரில் குந்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "எனக்கு வேறை வழி தெரியேல்லை. அவனே இறக்கிச் செத்தான் எண்டு தெரிஞ்சால் பாதர் கோவிலுக்குள்ளை எடுப்பாரோ மாட்டாரோ எண்டு பயந்தன். அதுதான் கம்பி உடைஞ்சதெண்டு சொன்னன். அவன் என்ரை சிநேகிதன்."

"அப்ப நீயும் அப்பிடித்தான் நினைக்கிறாய்."

அவன் தலை குனிந்தான். அவள் தமையனைப் பார்த்தாள். யாக்கோபு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். "உனக்குத் தெரியக்கூடாதெண்டுதான் பிள்ளை... நாங்கள் எல்லாரும்..." என்றான்.

இவ்வளவு பேரும் சேர்ந்து அவள்மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இரக்கம் அவளுக்கு அடி விழுந்தது போல இருந்தது. என்னை விட்டுவிட்டுப் போகத்தான் போனீரோ, ஒரு சொல்லும் சொல்லாமல்? வானின் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

எஞ்சின் இரண்டு இருக்கைக்கும் நடுவில் திறந்து கிடந்தது. புது எஞ்சினுக்கு உயரம் போதாத பழைய மூடியை அகஸ்ரின் வெட்டி, தகரம் ஒட்டவைத்து உயர்த்தியிருந்தான். ஒட்டு வெகு நேர்த்தி. இருக்கையில் ஒரு துண்டு ரப்பர் குழாய் கிடந்தது.

"இது என்ன?"

"அதுக்கு இரண்டு கார்பரேற்றர், சிஞ்ஞோரா. இரண்டும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கவேணும். எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, குழாயைக் காதிலை வைச்சுக் கேட்டுக் கேட்டுத்தான் திருகவேணும். அவனுக்கு நல்ல காது." சாரோ ஷட்டரை நிமிர்ந்து பார்த்தான். "நான் வரேக்கை அது அவன்ரை கையிலை இருந்தது. ஆனால் ஷட்டர்..."

"சாரோ! நீயோ?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

எதிர்ப்பக்கத்து முதலாம் மாடியில் ஒரு கிழவி பலகையைத் திறந்துகொண்டு பல்கனிக்கு வந்திருந்தாள். இரவு உடுப்பின் மேல் சால்வை. சிஞ்ஞோரா மிம்மா என்று சாரோ மெல்லச் சொன்னான். கறுப்புச் சேலையைக் கண்டதும் கிழவிக்கு விளங்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பெண்சாதியோ? ஐயோ, பாவம். என்ன மாதிரி மரியாதையான மனுசன் மகளே! எங்கடை பெடியள் கீழை மோட்டர்சைக்கிளை முறுக்கினால் நான் தொண்டை கிழியக் கத்தவேணும். உன்ரை மனுசனுக்கு ஒருக்காச் சொன்னால் போதும்."

அற்புதமலர் வானை விட்டு இறங்கினாள். "என்ன சொன்னனீங்கள், சிஞ்ஞோரா?"

"படுக்கிற நேரமெல்லோ. அந்தப் பிசாசு ரேஸ் ஓட்டத்திலை உறுமுற மாதிரி உறுமுது. மேலை நிண்டு சொன்னன், சனம் நித்திரை கொள்ளவேணும், இல்லாட்டிக் கராபினியேரிப் பொலிசுக்குப் போன் அடிப்பன் எண்டு. உடனை வெளியிலை ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பினான். 'ஸ்கூஸி சிஞ்ஞோரா, மன்னியுங்கோ, கொஞ்ச நேரம்தான்' எண்டான். எண்டுபோட்டுத் தானே ஷட்டரைத் தொங்கி இழுத்து விட்டான். அதுக்குப் பிறகு சத்தம் பெரிசாய் வரேல்லை. நான் நல்லா நித்திரை..."

கிழவியின் கை சால்வையின் நுனியைத் தேடியது.

"அது எண்டைக்கு, சிஞ்ஞோரா?" என்றாள் அற்புதமலர்.

கிழவி சால்வையால் வாயைப் பொத்தினாள். சாரோ ரயரை விட்டு எழும்பி நின்றான். யாக்கோபு இரண்டு கையையும் தலையில் வைத்தான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கங்கெட்ட சந்தோசம். அவர் என்னை விட்டுப் போகவில்லை, கொஞ்ச நேரம்தான் என்று சொல்லியிருக்கிறார், வேலை முடிந்து வீட்டுக்கு வரத்தான் இருந்திருக்கிறார். அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. கராபினியேரி என்ற ஒரு சொல்லுக்குக் கை கூப்பின மனுசன். பிறத்தியாரின் நித்திரை கெடக்கூடாதென்று தன்னை உள்ளே வைத்து மூடின மனுசன். கிழவிமேல் கோபமா, அவன்மேல் கோபமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை வருசமாக இந்த ஊரில் வாசற்படி, பஸ், கந்தோர் என்று அவளும் சொல்லித் திரிந்த ஸ்கூஸி எல்லாம் தொண்டைக்குள் வந்து நின்றது.

"சாரோ, ஷட்டரை முழுக்கத் தூக்கு."

"சிஞ்ஞோரா..."

"முழுக்க. வான் திறப்பைத் தா."

யாக்கோபு அவளுடைய முழங்கையைப் பிடித்தான். "பிள்ளை, வேண்டாம், சனம் படுத்திருக்கு."

"ஓம் அண்ணை," என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

ஷட்டர் மேலே போனது. வெயில் கராஜின் பின்சுவர்வரை விழுந்தது. அவள் அகஸ்ரின் இருந்த இடத்தில் ஏறி இருந்தாள். எந்தக் கால் எதில் என்று சாரோ கதவருகே நின்று காட்டினான். திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, நின்றது. திரும்பத் திருப்பினாள். இன்னொரு இருமல், பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. மீன் வான் முழுவதும் அதிர்ந்தது. இரண்டு மூச்சும் ஒன்றாக இழுப்பது அவளுக்கே கேட்டது.

தெருவில் யன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேல்மாடியிலிருந்து ஒருவன் கெட்ட வார்த்தையில் தொடங்கினான். வானுக்குள் கறுப்புச் சேலையைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். எதிரே சிஞ்ஞோரா மிம்மா பலகையின் இரண்டு பக்கத்தையும் பிடித்தபடி நின்றாள். சாத்தவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"போதும், சிஞ்ஞோரா, காலை எடுங்கோ," என்று சாரோ கத்தினான்.

அற்புதமலர் காலை இன்னும் கொஞ்சம் ஊன்றி அமத்தினாள்.