கத்ரினா ஓடிய மலையிடுக்கு

என் அக்காள் புருஷன் எலெயாசருக்குப் பொய் சொல்லவே வராது. அப்படிப்பட்டவரைப் பொய்யர் என்று எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, யார் எங்கே பறித்தது என்று சீட்டு எழுதி வைக்கும் இடம் அது. எங்கள் மலைத்தொடரில் மேப்பிள் மரம் உண்டு என்பதற்கு அங்கே ஒரே சாட்சி, எலெயாசர் இளமையில் கொண்டுவந்த ஒரு கிளை. இடம்: பன்றி ஊற்று. அதற்குப் பின் ஊற்றுக்குப் போன எவர் கண்ணிலும் மேப்பிள் படவில்லை. வடக்கே பறித்ததை இங்கே பறித்ததாக எழுதிவிட்டார் என்று தலைநகரத்து ஆட்கள் பேசினார்கள். கிளையின் அடிப்பாதி மொட்டையாக இருப்பதைப் பார்த்து, சேகரிக்கவே தெரியாதவர் என்று சிரிக்கவும் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய சீட்டைக் கிழிப்பது எங்கள் வழக்கமில்லை. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவோம். புதிய மரப்பட்டியல் அச்சுக்குப் போகுமுன் ‘ஐயத்துக்குரியது’ என்று நான் ஒட்டியாக வேண்டும்.

“ஒட்டிக்கோ த்ரினி. ஒரு தடவை எங்கூட வந்து பாத்துட்டு ஒட்டு,” என்றார் எலெயாசர்.

அக்டோபரில் போனோம். ஊற்றைச் சுற்றி வில்லோ மரங்களும் முட்புதர்களும்தான். நாள் முழுக்கத் தேடிவிட்டு மனிதர் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“நானே மாத்தி எழுதிட்டேனோ என்னமோ,” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போது யாருடைய மாடுகளோ எங்கள் ரொட்டி மூட்டையை மோப்பம் பிடித்து வந்தன. எலெயாசர் ஒரு வில்லோக் கிளையை ஒடித்தார். பிடிக்கத் தோதாக அடிப்பாதி இலைகளை ஒரே இழுப்பில் உருவினார். நுனிக் கொத்தை மட்டும் விட்டுவைத்து, அதை வீசி மாடுகளை விரட்டினார்.

நான் அந்தக் கிளையையே பார்த்தேன்.

“அத்தான், அன்னிக்கு யாரை விரட்டுனீங்க?”

“என்னைக்கு?”

“மேப்பிள் கிளை ஒடிச்ச அன்னிக்கு.”

கையிலிருந்ததைப் பார்த்தார். காது சிவந்தது.

“கத்ரினாவை,” என்றார் மெதுவாக. “உங்கப்பா இரவல் குடுத்த கோவேறு கழுதை. கட்ட மறந்துட்டேன், மேடேறி அந்தப் பக்கம் ஓடிருச்சு. அங்கதான் கிளையை ஒடிச்சு விரட்டிட்டு வந்தேன். அதைத் தொலைச்சிட்டு வந்து நின்னா உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்திருப்பாரா?”

“அப்புறம் எதுக்கு ஊத்துன்னு எழுதுனீங்க?”

“திரும்பி வந்து நெருப்புப் பக்கம் உக்காந்தப்பதான் நுனியில காய் இருந்ததைப் பாத்தேன். இங்கதான் அழுத்துனேன். அப்பல்லாம் கூடாரம் எங்கயோ அந்தப் பேரைத்தான் எல்லாத்துக்கும் போடுவோம். நாளாக நாளாக நானே அந்தச் சீட்டை நம்பிட்டேன்.”

“நல்லா நம்புனீங்க, போங்க.”

மறுநாள் காலையில் மேடேறி அந்தப் பக்கம் இறங்கினோம். வெயில் எட்டிப்பார்க்காத இடுக்கு. உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று மேப்பிள்கள் நின்றன. கீழே ஈரமண்ணில் முழங்கால் உயர மரக்கன்றுகள். எலெயாசர் தொப்பியைக் கழற்றினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஊருக்கு வந்து புதுச் சீட்டு ஒட்டினேன். ‘இடம்: ஊற்றுக்கு அடுத்த மலையிடுக்கு. மரங்கள் நலம், கன்றுகள் உண்டு. சேகரித்தவர்: எலெயாசர். உடன்: கத்ரினா.’ கழுதையின் பேரை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினார். நான் விடவில்லை.

சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய் அன்றே அக்காளிடம் காட்டினேன். அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“அப்பாவோட கழுதையைக் கட்டாம விட்டீங்களா?”

அவர் தட்டின் மேல் குனிந்துகொண்டார்.

“கட்டியிருந்தா இந்த மரம் இருக்கறதே யாருக்கும் தெரியாம போயிருக்கும்,” என்று சொல்லி, அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.